வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகும்போது மட்டும் பயங்கரச் சத்தம் போடுகிறது, என்ன காரணம்?

ஃப்ரண்ட் லோடு மெஷின் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று மணல் அரைபடுவது போலக் கேட்டால், டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போய்விட்டது. உறுதிப்படுத்த, டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பரோடு சேர்ந்து மொத்தமாக அசைந்தால் சரி. டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினால் பேரிங்தான். பெரும்பாலும் முதலில் தேய்வது, பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். அது வழியாகத் தண்ணீர் இறங்கி, கிரீஸ் கரைந்து, பேரிங் துருப்பிடிக்கும். மாற்றும்போது சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செலவு வீண். சில மாடல்களில் டப் (டிரம்மைச் சுற்றியுள்ள வெளித் தொட்டி) பிரிக்க முடியாதபடி ஒட்டியே வரும். அதில் முழு டப்பையும் மாற்றச் சொல்வார்கள்.

டிரம் சத்தமில்லாமல் சுற்றினால் நிம்மதி. தடதடவென்று மெஷினே குதித்தால், நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போட்டாலும் இப்படித்தான் குதிக்கும். புது மெஷின் என்றால் பின்பக்க டிரான்ஸிட் போல்ட்டை (வண்டியில் கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் பிடித்துவைக்கும் போல்ட்) கழற்றினார்களா என்று கேளுங்கள்.

தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்றால், கீழே முன்பக்கம் இருக்கும் ஃபில்டரைத் திறங்கள். தட்டு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொட்டும். சில்லறைக் காசோ ஊக்கோ கிடைக்கும்.