கிளட்ச் பிளேட்டுக்குக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு 100 சிசி வண்டியில் தினமும் போய் வருகிறேன். 42,000 கி.மீ. ஓடிவிட்டது. முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் முழு செட்டும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– போடிநாயக்கனூர் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது கிளட்ச் வழுக்கும் அறிகுறிதான். மலையேறித்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை. ஆளில்லாத சமரோட்டில் டாப் கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. ஆனால் அதற்காகப் பிளேட்தான் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் கேபிள். கிளட்ச் லிவரின் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள். இழுவை தொடங்கும் முன் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஆட்டமே இல்லையென்றால், நீங்கள் கைவைக்காதபோதும் கிளட்ச் பாதி அழுத்திய நிலையில்தான் இருக்கிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

அடுத்து ஆயில். உங்கள் வண்டியின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உரசலைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. (JASO MA) அல்லது எம்.ஏ.2 (MA2) என்ற தர முத்திரை இருக்க வேண்டும். எம்.பி. (MB) என்றிருப்பது ஸ்கூட்டருக்கு.

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளட்ச் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றியதைக் கையில் வாங்கிப் பாருங்கள். உரசும் பிளேட்டின் பட்டை கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கி, தீய்ந்த வாடை அடித்தால் அது முடிந்தது. எமரித் தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது நாலு நாளுக்குத்தான் தாங்கும். உரசும் பிளேட்டுகளுக்கு இடையே இருக்கும் ஸ்டீல் பிளேட்டைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் நுழைத்துப் பாருங்கள். பொதுவாக 0.2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியரில் பார்த்து மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். குட்டையாகியிருந்தால் எல்லா ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உரசும் பிளேட், ஸ்பிரிங், கவர் பேக்கிங், புது ஆயில், அவ்வளவே. பிளேட்டுகளைத் தாங்கும் கூடான ஹவுசிங்கின் விரல்களில் பிளேட் குத்திக்குத்திப் பள்ளம் ஆழமாகிவிட்டால் மட்டுமே முழு செட். லேசான தடம் என்றால் அரத்தால் சமப்படுத்தலாம்.

மாட்டும்போது புதுப் பிளேட்டை ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவைப்பது நல்லது. அவசரமானால் இருபுறமும் தாராளமாகத் தடவியாவது போட வேண்டும். உலர்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அந்த போல்ட்டுகள் ஏறுவது அலுமினியக் காலில், பலத்தைக் காட்டினால் ஒடிந்துவிடும். பழைய ஆயிலில் கருகல் தூள் கலந்திருக்கும், வடித்துக் கொட்டுங்கள். சில 100 சிசி இன்ஜின்களில் கவருக்குள்ளேயே ஆயில் சுத்தம் செய்யும் ரோட்டர் இருக்கிறது. திறந்த கையோடு அதன் சகதியையும் வழித்துவிடச் சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடிய பிறகு கேபிள் ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஹாஃப் கிளட்ச்சில் உறுமிக்கொண்டே திரும்பினால் எந்தப் பிளேட்டும் தாங்காது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, லிவரை முழுக்க விட்டுவிட்டுத் திரும்புங்கள். செக்போஸ்ட் வரிசையில் வண்டியைப் பின் பிரேக்கில் நிறுத்துங்கள், கிளட்ச்சில் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: குமுளியில் ஒரு கடையில் 'ஒரிஜினல்' என்று வாங்கிய பிளேட் 1,500 கி.மீ.யில் கருகிவிட்டது. மாட்டியவர் தவறு என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். பில் மலையாளத்தில் இருக்கிறது. வழக்குப் போட இடுக்கிக்கு அலைய வேண்டுமா?
– கம்பம் வாசகர்

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். உங்களுக்கு அது தேனி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மலையாள பில்லும் பில்தான், தமிழில் மொழிபெயர்த்து இணையுங்கள்.

ஆனால் கடைக்காரர் சொல்வதும் நடக்கக்கூடியதே. கேபிளில் ஆட்டம் விடாமல் மாட்டியிருந்தாலோ தவறான ஆயில் ஊற்றியிருந்தாலோ நல்ல பிளேட்டும் இப்படித்தான் கருகும். அதனால் கருகிய பிளேட், அது வந்த உறை, ஆயில் டப்பா மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உறையில் தயாரிப்பாளர் பெயர், விலாசம், மாதம், அதிகபட்ச சில்லறை விலை இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அடுத்து கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். சின்னத் தொகைக்கு இந்த அளவிலேயே பெரும்பாலும் வழி பிறந்துவிடும்.

கேள்வி: எல்லை தாண்டி வாங்கினால் பார்ட்ஸ் மலிவா?
– செங்கோட்டை வாசகர்

பதில்: ஜி.எஸ்.டி. இரு மாநிலத்திலும் ஒன்றே, உறையில் அச்சிட்ட விலையும் ஒன்றே. வித்தியாசம் கடைக்காரர் தரும் தள்ளுபடியில்தான். பில் போடாமல் குறைத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பிளேட் மாற்றிய பிறகு நியூட்ரல் விழ மறுக்கிறது. லிவரைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் ஊர்கிறது.
– புளியரை வாசகர்

பதில்: இது வழுக்கலுக்கு நேரெதிர், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளில் ஆட்டம் அதிகமாக இருக்கும், குறைத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் வளைந்த பழைய ஸ்டீல் பிளேட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது ஹவுசிங் பள்ளத்தில் புதுப் பிளேட் சிக்கி நிற்கும். வேலை செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள், இரண்டாவது கூலி கொடுக்காதீர்கள்.