'வாக்கர்' என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் எப்படி வந்தது?

வாக்கர் ஒரு தொழிற்பெயர். கம்பளித் துணியைக் காலால் மிதித்துப் பதப்படுத்தியவர் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் இவரை 'வெயால்கெரே' என்றார்கள்; அதுதான் தேய்ந்து வாக்கர் ஆனது.

ஏன் மிதிக்க வேண்டும்? தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி நெகிழ்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரோ களிமண்ணோ கலந்த நீரில் மணிக்கணக்கில் மிதித்தால் பிசுக்கு போகும், இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டு அலசினால் சுருங்கித் தடித்துவிடுகிறதே, அதே சங்கதிதான். அந்தக் களிமண்ணும் நமக்குத் தெரிந்ததே: முகத்தில் பூசும் முல்தானி மட்டி அந்த வகை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நீர்ச்சக்கர ஆலைகள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஒரே தொழிலுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். அதனால் ஒருவரின் முன்னோர் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். அப்புறம், பட்டப்பெயராக இருந்தவை 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலும் பரம்பரைப் பெயர்களாக நிலைத்தன.

வாக்கர்கள் எல்லோரும் ஒரே வம்சம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, துணி மிதித்த ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது.