ஹீட்டர் கோர் ஒழுகினால் டாஷ்போர்டைப் பிரித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் கார் இருபது வருடப் பழசு. ஹீட்டரைப் போட்டால் இனிப்பான வாடை வருகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியதுபோல் மங்குகிறது. கால் வைக்கும் இடத்தில் மேட் ஈரம். ஹீட்டர் கோர் போய்விட்டது, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவுக்கு இந்தக் கார் பெறாது. கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றிச் சமாளிக்கலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். அந்தத் திரவத்துக்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் கசிவை அடைக்கிற அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய்ப் படியலாம். அப்புறம் ஒழுகும் கார், கொதிக்கும் கார் ஆகிவிடும். நடுவழியில் வேறு போக்கில்லாமல் நின்றால் வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் அதை நான் நம்புவதில்லை.

முதலில் ஒழுகுவது கோர்தானா என்று பாருங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அங்கிருந்து சூடாக ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. மேட் நனைய வேறு காரணங்களும் உண்டு: மழைநீர் இறங்கலாம், ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். வெள்ளைத் தாளால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். நிறமும் வாடையும் இல்லையென்றால் வெறும் தண்ணீர். பச்சையோ சிவப்போ ஏறி, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிந்தியதை உடனே துடையுங்கள், குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை நக்கிவிடும்.

கூலன்ட்தான் என்றாலும், ஹோஸ் சேரும் இடத்தில் கிளாம்ப் தளர்ந்தோ ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்தோ கசியலாம். எஞ்சின் ஆறியபின் பிரஷர் டெஸ்ட், அதாவது கூலன்ட் பாதையில் பம்பால் அழுத்தம் ஏற்றி மீட்டரில் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. முள் மெல்ல இறங்கும்போது டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கோர்தான் என்றால், இன்றைக்கே செய்யக்கூடியது பைபாஸ். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்குள் இரண்டு ஹோஸ்கள் அருகருகே நுழைவது தெரியும். அவற்றைக் கோரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிடுவதுதான் வேலை. கை பரபரக்கும், முறுக்கி இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். கோரின் குழாய் மெல்லிசு. நானே ஒருமுறை இழுத்து, கசிந்துகொண்டிருந்ததை உடைத்தே விட்டேன். ஹோஸின் நுனியைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். இணைக்கும் குழாய் அதே விட்டத்தில், சூடு தாங்குவதாக இருக்கட்டும். இரண்டு ஹோஸ்களையும் தனித்தனியாக அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். கூடாது, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றுவதே இந்த வழியில்தான்.

பைபாஸ் செய்தபின் கார் ஓடும், ஹீட்டர் மட்டும் இருக்காது. கண்ணாடியில் பனிமூட்டம் படிந்தால் ஏ.சி. ஓரளவு உலர்த்தும். உறைபனிக் குளிரில் அது போதாது. அங்கே இதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்வது ஆபத்து.

கோரை மாற்றுவதென்றால் பாகத்தைவிடக் கூலிதான் அதிகம். ஆனால் எல்லாக் கார்களிலும் டாஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டியதில்லை. சிலவற்றில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பக்கவாட்டிலேயே உருவி எடுத்துவிடலாம். உங்கள் மாடலின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கூலி பேசுங்கள். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் ஏர்பேக் இருக்கும் காரில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து தொடங்க வேண்டும். ஹோஸ்களையும் கிளாம்புகளையும் அதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

புதுக் கோரும் சீக்கிரம் போகாமலிருக்க, பழையது ஏன் அரித்தது என்று பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஓடியதா, கூலன்ட் பல வருடம் மாற்றப்படவில்லையா? இன்னொன்று, அதிகம் பேர் பார்க்காதது: எர்த் வயர் தளர்ந்தால் மின்சாரம் கூலன்ட் வழியே பாய்ந்து உலோகத்தை அரிக்கும். ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட்டை மாற்றி, எர்த் இணைப்புகளைத் தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மேட்டை வெயிலில் போட்டு மட்டும் விட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள பஞ்சு கூலன்ட்டைக் குடித்திருக்கும்; கிளைக்கால் லேசில் உலராது, காற்றின் ஈரத்தையும் இழுக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, பஞ்சை வெளியே எடுத்து, பிழிகிற தண்ணீர் வழவழப்பில்லாமல் வரும்வரை அலசுங்கள். கண்ணாடியின் உட்புறத்தையும் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டியிருக்கும்.