12 நாளில் 5 லெவல் டூ?

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில், 12 நாளில் என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் குறை கண்டறியும் சோதனை) ஐந்து முறைகளிலும் லெவல் டூ சான்று தருகிறோம், வளைகுடாவில் கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) வேலை உறுதி என்கிறார்கள். கட்டணம் 48,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? என் தம்பி, 'அதெல்லாம் வேண்டாம் அக்கா, வெல்டிங் படிக்கட்டும்' என்கிறான். எது சரி?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா. அந்த மையத்தின் கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

வளைகுடா நிறுவனங்கள் பரவலாகக் கேட்கும் லெவல் டூ (தானே சோதித்து முடிவு சொல்லும் இரண்டாம் படித் தகுதி), எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரை நெறிப்படி தரப்படுவது. அதில் ஒவ்வொரு சோதனை முறைக்கும் இத்தனை மணி வகுப்பு, இத்தனை மணி வேலை அனுபவம் என்று தனித்தனியே கணக்கு உண்டு. லெவல் ஒன், டூ இரண்டுக்கும் சேர்த்து வகுப்பு மட்டும் ரேடியோகிராபிக்கு (கதிர்வீச்சுப் படம்) 80 மணி, அல்ட்ராசோனிக்குக்கு (மீயொலி) 80, விஷுவலுக்கு (கண்ணால் பார்ப்பது) 24, மேக்னடிக் பார்ட்டிகிளுக்கு (காந்தத் துகள்) 20, பெனட்ரண்டுக்கு (விரிசலுக்குள் ஊடுருவும் திரவம்) 12. மொத்தம் 216 மணி. ஞாயிறு கூட விடாமல் நாளுக்கு 8 மணி நடத்தினாலும் 27 நாள் பிடிக்கும். 12 நாளில் நடத்த முடிவது 96 மணிதான். படிப்பைப் பொறுத்து வகுப்பு மணியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடம் இருக்கிறது. அதைச் சாக்காக வைத்துப் பாதிக்கும் கீழே இறக்கினால் அதற்குப் பெயர் ஏமாற்று.

அனுபவக் கணக்கு இன்னும் கடுமை. பெனட்ரண்ட், விஷுவல் இரண்டுக்கும் தலா 210 மணி, மேக்னடிக்குக்கு 280, ரேடியோகிராபிக்கும் அல்ட்ராசோனிக்குக்கும் தலா 840. காலை முதல் மாலை வரை வேறு வேலையே பார்க்காமல் அல்ட்ராசோனிக் மட்டும் செய்தாலும் 840 மணி சேர 105 நாள் ஆகும். இதை எந்த வகுப்பறையிலும் சம்பாதிக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் சில மையங்கள் பார்க்காத வேலைக்கு அனுபவக் கடிதம் தயாரித்துக் கொடுக்கின்றன. பிடிபட்டால் வேலை போவது மையத்துக்கு இல்லை, உங்கள் மகனுக்கு.

இன்னொன்றையும் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நெறிப்படி சான்று தருவது வேலை கொடுக்கும் நிறுவனம். வேலையை விட்டால் சான்றும் அத்தோடு முடிந்தது. அடுத்த நிறுவனம் தன் எழுத்து விதிமுறைப்படி தகுதியைப் பார்த்து மறுபடி சான்று தர வேண்டும். ஆளோடு கூட வருபவை வகுப்பு மணி, தேர்வு மதிப்பெண், மேலாள் கையெழுத்திட்ட அனுபவப் பதிவு, இந்த மூன்றும்தான். ஆளின் பெயரிலேயே நிற்கும் சான்று வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 9712 இருக்கிறது, 5 ஆண்டு செல்லும். அனுபவம் காட்டாமல் அதுவும் கைக்கு வராது.

அவசரப் படிப்பு நேர்முகத்தில் எப்படி உடைகிறது என்பதற்குப் பெனட்ரண்ட் ஒன்று போதும். ஐந்தில் சுலபமானது என்று பெயர். சிவப்புத் திரவத்தைப் பூசி வெல்டில் 5 நிமிடமாவது ஊற விட்டாயிற்று. மேலே மிஞ்சியதை எப்படி எடுப்பாய் என்று கேட்பார்கள். 'கிளீனரை ஸ்பிரே செய்து துடைப்பேன்' என்று பையன் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. நேரே பீய்ச்சினால் விரிசலுக்குள் போன திரவமும் சேர்ந்து கழுவிப் போய்விடும். விரிசல் உள்ள வெல்டு நல்ல வெல்டாகத் தெரியும். காய்ந்த துணியால் முதலில் துடைத்து, பிறகு கிளீனரைத் துணியில் நனைத்து லேசாகத் துடைக்க வேண்டும். டெவலப்பரை (விரிசலுக்குள் இருக்கும் திரவத்தை வெளியே இழுத்துக் காட்டும் பூச்சு) மெல்லிய படலமாக அடித்து, காய்ந்த பிறகு 10 நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்து, 60 நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி வெப்பநிலை. வழக்கமான செய்முறை செல்லுபடியாவது இரும்பின் மேற்பரப்பு 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது. வளைகுடா வெயிலில் நடுப்பகலில் கிடக்கும் பைப் அதைத் தாண்டிவிடும். விடியற்காலையில் செய்ய வேண்டும், அல்லது அந்தச் சூட்டுக்கென்று நிரூபித்த செய்முறை கையில் இருக்க வேண்டும். பைப்பைத் தொட்டு வேலை பார்த்தவனுக்கு இது தானாக வாயில் வரும்.

சரி, மகன் என்ன செய்யலாம்? பணம் கட்டும் முன் கண்ணைச் சோதியுங்கள். கிட்டத்தில் உள்ளதைப் படிக்கும் சோதனையில், ஜேகர் என்ற எழுத்தட்டையின் 2ஆம் எண் எழுத்தை 12 அங்குலத் தூரத்தில் படிக்க வேண்டும், ஆண்டுதோறும் இந்தச் சோதனை உண்டு. நிற வேறுபாடும் தெரிய வேண்டும். நிறக்குறைபாடு இருந்தால் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

கண் சரியாக இருந்தால் விஷுவல், பெனட்ரண்ட், மேக்னடிக் மூன்றை மட்டும் படிக்கட்டும். வகுப்பு 56 மணி, முழுசாக 7 நாள். அதன்பின் ஃபேப்ரிகேஷன் ஷாப்புக்கு (இரும்பை வெட்டி வெல்டு செய்து பொருத்தும் பட்டறை) போக வேண்டும். நம் மாவட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வரத்தான் வேண்டும்: கூடங்குளத்தில் புதிய அலகுகள் கட்டும் ஒப்பந்த நிறுவனங்கள், திருச்சியில் பாய்லர் உதிரி செய்யும் ஷாப்புகள். கியூ.சி. உதவியாளர் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஐசோமெட்ரிக் டிராயிங் (பைப் பாதையின் முப்பரிமாண வரைபடம்) படிப்பது, ஹீட் நம்பரை (இரும்பு எந்த உருக்கில் வந்தது என்ற எண்) சரிபார்ப்பது, ஹை-லோ கேஜ் என்ற அளவுகோல் வைத்து ஃபிட்அப் (வெல்டுக்கு முன் இரண்டு முனையும் சரியாகப் பொருந்துவது) பார்ப்பது எல்லாம் அங்கேதான் பழகும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்: தேதி, வேலை எண், டிராயிங் எண், எந்த முறை, எத்தனை மணி. வாரம் ஒருமுறை லெவல் டூ அல்லது த்ரீ ஆளிடம் கையெழுத்து. வேலையை விட்ட பிறகு கையெழுத்துக்கு அலைந்தால் யாரும் போட மாட்டார்கள். அல்ட்ராசோனிக் அடுத்த கட்டம். ரேடியோகிராபியைக் கடைசியில் வைக்கலாம். கதிர்வீச்சு மூலத்தைக் கையாள இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற பயிற்சி தனியே வேண்டும்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் அப்ரண்டிஸ் அழைப்பு விடும்போது விண்ணப்பிக்கட்டும். பட்டம் வாங்கிய ஆண்டுக்கு வரம்பு வைப்பார்கள், ஆகவே இன்னும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. மகனுக்குக் கைவேலையில் மனம் இருந்தால் வெல்டராகவே போகலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் '6ஜி சான்று' (சாய்ந்த பைப்பில் வெல்டு செய்யும் சான்று) விற்கும் இடங்களிலும் இதே கதைதான். வெல்டரின் தகுதியை அந்தந்த நிறுவனமே டெஸ்ட் வைத்துப் பார்க்கும். ஒரு வெல்டிங் முறையில் 6 மாதம் தொடர்ந்து வேலை பார்க்காவிட்டால் அந்த முறையின் தகுதி காலாவதி. 45 டிகிரி சாய்ந்த பைப்பில் டிக் ரூட் (டிக் முறையில் அடியில் போடும் முதல் வெல்டு) போடும்போது அடிப்பக்கம் உள்வாங்காமல் வருகிறதா என்பதற்குச் சான்றிதழ் உதவாது, கைதான் உதவும். ஆகவே எத்தனை பைப் கூப்பன் (பழகுவதற்கான துண்டு) வெட்டிக் கொடுப்பார்கள், ஆர்கானும் ஃபில்லர் கம்பியும் கட்டணத்துக்குள்ளா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இன்ஸ்பெக்டர் ஆகப் போகிறவனும் இரண்டு மாதம் வெல்டிங் பழகினால், அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் விழும் பள்ளம்) ஏன் வந்தது என்று வெல்டரிடம் பேசத் தெரியும்.

'வேலை உறுதி' என்ற பேச்சுக்கு ஒரே பரிசோதனை: எந்த நிறுவனம், என்ன பதவி, என்ன விசா என்று எழுத்தில் கேளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. மகன் அங்கேயும் பதிந்து வைக்கட்டும்.