ஆங்கிலப் பொறியாளர் ஆம்ஸ்ட்ராங்கின் பின்வழிப் பீரங்கி (பின்பக்கமாகக் குண்டு நிரப்புவது) கையில் இருந்தும், பிரிட்டன் 1860களின் நடுவில் ஏன் மறுபடி வாய்வழிப் பீரங்கிக்கு (முன்வாய் வழியாக நிரப்புவது) போனது? முட்டாள்தனம்தானே?

இல்லை. முட்டாள்தனம் என்று திட்ட வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கிற 1860களின் நடுப்பகுதி அல்ல, 1870களின் பின்பாதி. "பழமைவாத அட்மிரல்கள்" என்ற ஒற்றை வரி விளக்கத்தை எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆம்ஸ்ட்ராங்கின் 7 அங்குலப் பீரங்கியைப் பாருங்கள், 110 பவுண்டர் என்பார்களே, அதுதான். அதில் கீல் வைத்த கதவு கிடையாது. குழலின் பின்பகுதியில் மேற்புறம் ஒரு பள்ளம். இரண்டு பேர் தூக்கி அதில் இறக்க வேண்டிய தனி அடைப்புக் கட்டை. பின்னாலிருந்து உள்ளீடற்ற ஒரு பெரிய திருகு அந்தக் கட்டையை அழுத்திப் பிடிக்கும். குண்டும் வெடிமருந்துப்பையும் போவது அந்தத் திருகின் துளை வழியாகத்தான். திருகைக் கடைசி வரை இறுக்காவிட்டாலும், கட்டையின் முகத்தில் கரி படிந்து சரியாக உட்காராவிட்டாலும், சுடும்போது கட்டை மேலே பறக்கும். இறுக்காத நிலையிலும் சுட முடிந்தது என்பதுதான் உண்மையான கோளாறு. 1863 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமா நகரைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியபோது இந்த வகைப் பீரங்கிகள் 21, மொத்தம் 365 முறை சுட்டதில் 28 கோளாறுகள்.

இன்னொன்று, கட்டை தாங்காது என்பதால் மருந்தை அதிகம் போட முடியவில்லை. வரிப்பள்ளம் இல்லாத பழைய 68 பவுண்டர் வழுவழுக் குழலில் 16 பவுண்டு மருந்து போகும். இதில் அதைவிடக் குறைவு. கவசத் தகட்டை நன்றாக அடித்தது பழையதுதான். கவசக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயமா?

"பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன் பீரங்கி நிறுவனமான குருப்பும் பின்வழியிலேயே இருந்தார்களே" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். உண்மைதான். 1866 பிரஷ்யா-ஆஸ்திரியா போரில் குருப்பின் பீரங்கிகளும் சில வெடித்தன, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வாய்வழியில் பின்பக்கம் திறப்பே கிடையாது, அதனால் கட்டை பறக்கும் பயமும் இல்லை. எஃகு உள்குழல், அதன்மேல் சூடாக்கி ஏற்றிய தேனிரும்புச் சுருள்கள். சுருள்களின் எண்ணிக்கையைக் குறைத்த ஃப்ரேசர் முறையில் செலவும் குறைவு. ஆனால் குண்டில் பதித்த வெண்கலக் குமிழ்கள் குண்டைச் சுழலவைக்கும் குழலின் வரிப்பள்ளங்களில் தளர்வாக ஓட வேண்டும் என்பதால், குண்டுக்கும் குழலுக்கும் இடைவெளி தேவை. அந்த இடைவெளியில் சீறிப்போகும் சூடான வாயு குழலின் மேல்பக்கத்தை அரித்துவிடும். 1878 வாக்கில் குண்டின் அடியில் செம்புத் தட்டு வைத்து அதை ஓரளவு அடக்கினார்கள்.

அடக்க முடியாதது நீளம். பெரிய கட்டிகளாகச் செய்ததால் மெதுவாக எரியும் கூழாங்கல் மருந்தும் பட்டக மருந்தும் வந்தபின் நீளமான குழல் தேவைப்பட்டது. நீளக் குழலின் வாயை டர்ரெட்டுக்குள், அதாவது கப்பலின் சுழலும் கவசக் கூண்டுக்குள், இழுத்து நிரப்ப இடமில்லை. எனவே தண்டரர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் முன் டர்ரெட்டில் 38 டன் பீரங்கியின் வாயைக் கீழே சாய்த்து, டெக்கின் அடியிலிருந்து ஹைட்ராலிக் கோலால் இடித்து நிரப்பினார்கள். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 1879 ஜனவரி 2 அன்று மர்மரா கடலில் இரண்டு பீரங்கிகளையும் ஒன்றாகச் சுட்டபோது ஒன்றில் மருந்து பற்றவில்லை. மற்றதன் சத்தத்தில் அது தெரியவில்லை. சுட்டதும் ஹைட்ராலிக்கே பீரங்கியை உள்ளே இழுப்பதால், உதைத்து வந்ததா இழுத்து வந்ததா என்றும் புரியவில்லை. மேலேயே இன்னொரு மருந்தும் குண்டும் போயின. அடுத்த முறை குழல் பிளந்து 11 பேர் இறந்தார்கள். நம்பாதவர்களுக்காக, ஜோடிப் பீரங்கியை லண்டனின் வுல்விச் ஆயுதச் சாலைக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே இரட்டை நிரப்பிச் சுட்டார்கள். அதுவும் அதே மாதிரி வெடித்தது. பின்வழியில் இந்தத் தவறு நடக்காது, முந்தைய குண்டு இருந்தால் அடுத்தது உள்ளே போகாது.

பின்வழியின் பழைய அடைப்புச் சிக்கலையும் பிரெஞ்சுக்காரர் டி பாஞ்ச் தீர்த்தார். அவர் முறையில் கல்நாரும் கொழுப்பும் அடைத்த பட்டை, பின்மூடியின் முன்னால் இருக்கும் காளான் வடிவத் தலையின் அழுத்தத்தில் விரிந்து வாயுவை அடைத்துவிடும். இது வந்தபின் பின்வழியை மறுக்கக் காரணமே இல்லை. அதனால்தான் திட்ட வேண்டியது 1870களின் பின்பாதி என்றேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பழைய கோட்டைகளில் இந்தப் பீரங்கிகளுக்கு வருஷா வருஷம் தார்ப் பெயிண்ட் அடிக்கிறார்கள். குழலை வண்டியில் தாங்கிநிற்கும் பக்க உருளையின் முகத்தில் தொழிற்சாலை, எண், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். ஏழெட்டுப் பூச்சுக்குப்பின் ஒரு எழுத்தும் தெரியாது. பிறகு பலகையில் "பழமையான பீரங்கி" என்று எழுதி வைக்கிறார்கள்.