நேரலையில் பூசை பார்ப்பதும் கோயிலுக்கு நேரில் போவதும் ஒன்றா?

ஒன்றில்லை. ஆனால் நேரலையைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து நல்லூரில், கந்தசுவாமி கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறது. 2021 திருவிழாவின்போது கொரோனாவால் ஊரே முடங்கிக் கிடந்தது. அம்மா குளித்து, திருநீறு பூசி, போனுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். முதலில் ஜன்னல் வழியே மணி கேட்டது. அதே மணி போனில் கேட்க அரை நிமிடம் பிந்தியது, நெட்டின் வேகம் அப்படி. அம்மா ஜன்னல் மணிக்குத்தான் எழுந்து கும்பிட்டார். போன் மணிக்கு அசையவே இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஜன்னல் மணி கிடையாது. இங்கே காலை ஏழு மணிக்குத் தேர் என்றால் அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. பார்த்து அழுவார். பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சுடுமணலில் வெறுங்காலோடு நின்றவருக்குத்தான் அந்தப் படம் சுடும். பிறகு ஒரு வருடம் அவர்கள் இங்கே வந்தார்கள். கோயிலுக்குள் போகச் சட்டையைக் கழற்றச் சொன்னதும் பெரியவன் முகத்தைச் சுளித்தான். வீதியில் உருண்டு பிரதட்டை அடிப்பவர்களைக் கண்டு வாயடைத்து நின்றான். இப்போது நேரலையில், தான் ஐஸ்கிரீம் குடித்த கடை தெரிகிறதா என்று தேடுகிறானாம். பக்தி இல்லைத்தான், ஆனாலும் எழுந்து போகவில்லையே.

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். முடக்க காலத்தில் திருப்பலியைப் போனில்தான் பார்த்தார். அதில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாததுதான் அவருடைய பெரிய கவலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முருகனின் முகம் போனில்தான் வடிவாகத் தெரியும். தேரன்று நேரில் போனால் எனக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகும் அவர் தோளில் இருக்கும் பிள்ளையும்தான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் நோவு, திருவிழா இருபத்தைந்து நாளும் நேரலைதான். நான் போய்வந்து திருநீறு கொடுப்பேன். சுவாமியின் சாத்துப்படி அலங்காரம் எப்படி, தேர் எத்தனை மணிக்குத் திரும்பி இருப்பிடத்துக்கு வந்தது என்றெல்லாம் என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். அதனால் அவற்றைக் கேட்கமாட்டார். திருநீற்றைப் பூசிக்கொண்டே கேட்பது ஒன்றைத்தான்:

"ஆரைக் கண்டனீ?"