மாஸ்ரரைக் கேளுங்கள்: கடலில் பட்டுத் தெறிக்கும் சிக்னல்

கேள்வி: வள்ளத்தில் இடம் பார்க்கிற ஜீ.பி.எஸ். சிக்னலை வைத்தே கடற்காற்றையும் அளக்கிறார்கள் என்று மருமகன் சொல்கிறான். என்னைப் பேய்க்காட்டுகிறானா மாஸ்ரர்?
- கடற்றொழிலாளி, மயிலிட்டி

பதில்: இல்லை அண்ணை, அவன் சொன்னது சரி. 20,200 கிலோமீற்றர் உயரத்திலுள்ள ஜீ.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து வருகிற சிக்னலில் உங்கள் கருவிக்கு அகப்படுவது துளிதான். கடலில் விழுவதில் பெரும்பங்கு தெறித்து மேலே போய்விடும். தாழப் பறக்கும் சின்னச் செயற்கைக்கோள்கள் அதைப் பிடிக்கின்றன. 2016 டிசம்பரில் நாசா ஏவிய சிக்னஸ், அப்படி எட்டுக் கோள்களோடு தொடங்கிய கூட்டம்.

பறுவத்தன்று கசூரினாக் கடற்கரையில் நின்று பாருங்கள். கடல் அசையாமல் கிடந்தால் நிலவு தண்ணீரில் தட்டுப்போலத் தெரியும். காற்றெழுந்தால் உடைந்து நீளக் கோடாகிவிடும். சிக்னலுக்கும் அதே கதிதான். அலை கூடக்கூடச் சிதறும், கோளுக்கு வந்து சேரும் பலம் குறையும். அதிலிருந்துதான் காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர் என்பதால் மழை அதை அவ்வளவாக மறிக்காது. புயலுக்கு நடுவே மழை கொட்டும்போதும் கடலின் முகம் தெரியும். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது அதுதான்.

ஆனால் அது சொல்வது வேகத்தை மட்டும். வாடையா சோளகமா என்று திசையைக் கேட்டால் பதில் வராது. இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்பதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வானத்தைப் பற்றியும் இந்தச் சிக்னல் ஏதாவது சொல்லுமா சேர்?
- உயர்தர மாணவி, சுன்னாகம்

பதில்: நிறையச் சொல்லும் பிள்ளை. ஜீ.பி.எஸ். கோள் ஒன்று பூமியின் விளிம்பில் மறையப்போகும் நேரம், அதன் சிக்னல் வளிமண்டலத்தை ஊடறுத்து வளைந்துதான் மறுபக்கத்தில் தாழப் பறக்கும் கோளுக்கு வரும். ஒளியியலில் நீங்கள் படிக்கிற முறிவேதான், வேறொன்றுமில்லை. வளைவை அளந்தால் உயரத்துக்கு உயரம் காற்றின் அடர்த்தி கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வெப்பநிலைக்கும் ஈரப்பதனுக்கும் போகலாம்.

1965இல் மரினர் 4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது, அங்குள்ள காற்று எவ்வளவு மெல்லியது என்று கண்டுகொண்டது இதே உத்தியால்தான். ஜீ.பி.எஸ்ஸை வைத்துப் பூமியில் அதைச் செய்து பார்த்தது 1995இல். 2019 ஜூனில் தாய்வானும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய கொஸ்மிக்-2இன் ஆறு கோள்களும் பூமத்தியரேகையை ஒட்டியே சுற்றுவதால் யாழ்ப்பாணத்து வானமும் அதற்குள் அடங்கும். வங்காள விரிகுடாவின் நடுவில் நின்று வானிலைப் பலூன் விட ஆளில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் அளவீடுகளில் இதுவும் ஒன்று.